அஸே பியேன்

பதினாறு பையன்களுக்குப் பதினாறு எவர்சில்வர் டம்ளர் வாங்கியாகிவிட்டது என்று காத்தவராயன் வந்து சொன்னபோது நான் மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். காகிதப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். எங்கள் கால்பந்துச் சங்கத்தின் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே பையனின் பெயர் ஒரு வரி. இரண்டையும்விடப் பெரிய எழுத்தில் 'அன்பளிப்பு: தலைவர் சோடா காத்தவராயன்'. பிள்ளைகள் ஆயுசுக்கும் இவர் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் குடிக்க வேண்டும். எதற்கு டம்ளர் என்று கேட்டேன். போட்டியில் இரண்டாவது இடம் வந்திருக்கிறோமே, சும்மாவா என்றார். நான் பதினைந்து வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன். சண்டையில் இரண்டாவது வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் டம்ளர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

காத்தவராயனுக்குக் கால்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பது மட்டும்தான். சோடா கம்பெனி வைத்திருக்கிறார் என்பதற்காகத் தலைவர் ஆனவர். இடைவேளையில் வருவார். பையன்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா கொடுப்பார். போட்டோக்காரன் இருந்தால் அவர்கள் தோளில் கை போட்டு நிற்பார், இல்லாவிட்டால் தோளில் வியர்வை இருக்கிறது என்று தள்ளியே நிற்பார். பதினோரு வருஷத்தில் ஓர் ஆட்டத்தையாவது கடைசி விசில் வரை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் வருஷக் கடைசி விழாவில் மைக்கைப் பிடித்தால் முக்கால் மணி நேரம் விடமாட்டார். நாங்கள் தோற்ற ஆட்டங்களையெல்லாம் மயிரிழையில் தவறவிட்ட வெற்றிகள் என்பார். கைதட்டுவார்கள். இந்த ஊரில் எதைச் சொன்னாலும் கைதட்ட நாற்பது பேர் கிடைப்பார்கள்.

நான் விழாவுக்கு விரோதி. ஆட்டப் பருவத்தை எப்படி முடிக்க வேண்டும் என்பதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. அறுபத்தெட்டில் இந்த இளைஞர் அணியை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து இந்த எழுபத்தொன்பது வரை அதை மாற்றியதில்லை. கடைசி ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், மடக்கு மேசை ஒன்றையும் நாற்காலி ஒன்றையும் மரத்தடியில் போடுவேன். பையன்கள் கோல் கம்பத்துக்கு அருகே வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவனாகக் கூப்பிடுவேன். நோட்டைப் பிரித்து அந்த வருஷம் அவன் செய்த தப்புகளைத் தேதியோடு படிப்பேன். பிறகு கெட்டி அட்டை ஒன்றில் அவன் பெயரையும், அதற்குக் கீழே ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தையையும் எழுதிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். சந்தேகம் கேட்கக் கூடாது, அழக் கூடாது.

அந்த வார்த்தைகள் நான்கு. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை அளந்த அதே நான்கு. 'த்ரே பியேன்' என்றால் மிக நன்று. 'பியேன்' என்றால் நன்று. அதற்கு அடுத்தது 'அஸே பியேன்', நன்றுக்கு ஒரு படி கீழே. கடைசி 'பஸாபிள்', அதாவது தள்ளிவிட முடியாது, இருந்துவிட்டுப் போகட்டும். பதினோரு வருஷத்தில் முதல் இரண்டையும் நான் யாருக்கும் எழுதியதில்லை. அஸே பியேன் மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் பஸாபிள். அதற்கும் கீழே ஒரு வார்த்தை இருந்திருந்தால் அதைத்தான் அதிகம் எழுதியிருப்பேன்.

முன்பெல்லாம் பையன்களின் அப்பன்மார்கள் அட்டையைத் தெருவில் யாராவது பிரெஞ்சு தெரிந்த ஆளிடம் கொண்டுபோய்க் காட்டிப் பொருள் கேட்டுக்கொள்வார்கள். இப்போது அதுவும் இல்லை. மில் தொழிலாளிகளின் பிள்ளைகள், தமிழிலும் கொஞ்சம் இங்கிலீஷிலும் படிக்கிறவர்கள். நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா முசே என்று கேட்பான்கள். முசே என்றால் ஐயா, அது ஒன்றுதான் அவன்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு. போய்த் தெரிந்துகொள் என்பேன். தெரிந்துகொள்ள மாட்டான்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை மறைப்பானேன்.

டம்ளரைப் பையில் போட்டுவிட்டுக் காத்தவராயன் கிளம்பவில்லை. முக்கியமான சேதி ஒன்று இருப்பதாகச் சொன்னார். மில்லில் கால்பந்து அணிக்கு இளைஞர் அணியிலிருந்து ஒரு பையனை எடுக்கப்போகிறார்களாம். முதலில் பதிலி வேலை, யாராவது வராத நாளில் அந்த ஆளின் இடத்தில் நிற்பது. ஒரு வருஷம் ஒழுங்காக ஆடினால் நிரந்தரம். சங்கத்திலிருந்து இரண்டு பெயர் கொடுத்திருக்கிறார், அம்மாவாசை ஒன்று, இராமதாஸ் ஒன்று. பயிற்சியாளரின் சான்றிதழைப் பார்த்து மில் அதிகாரி ஒருவனை எடுத்துக்கொள்வார்.

"இங்கிலீஷ்ல நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க முசே. டைப் அடிச்சு சீல் வெச்சுக்கறேன்."

நல்ல வார்த்தை நாலணாவுக்கு விற்கிற இடம் உன் சோடா கடை, இது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. என் அட்டையே சான்றிதழ், அதைக் கொண்டுபோய்க் காட்டு, பார்க்கத் தெரிந்தவன் பார்த்துக்கொள்வான் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அன்று அட்டை வாங்க முதலில் வந்தவன் இராமதாஸ். வலது ஓரத்தில் ஆடுகிறவன். அப்பா இறந்த பிறகு அம்மா வீராயி வீட்டு வேலை செய்து வளர்த்த பையன். நன்றாக ஓடுவான், பந்து இல்லாதபோது. பந்து காலுக்கு வந்துவிட்டால் அது யாரோ தெரியாமல் கொடுத்துவிட்ட பொருள் போல உடனே திருப்பிக் கொடுத்துவிடுவான், பெரும்பாலும் எதிராளிக்கு. ஆனால் பயிற்சிக்கு ஒரு நாள் தவறியதில்லை, முகம் சுளித்ததில்லை. நோட்டில் இருந்த இருபத்திரண்டு தப்புகளையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் முசே என்றான். பஸாபிள் எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவாசை கடைசியில் வந்தான். பதினேழு வயசு, கறுத்து ஒல்லியாக, முட்டி இரண்டும் சிரங்குத் தழும்பு. அப்பா சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். அவனைப் பற்றி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருந்தபோது, நடுக்கோட்டில் பந்தை வாங்கினான். மூன்று பேர் அவன் மேல் வந்தார்கள். எந்தப் பையனும் அந்த இடத்தில் உதைத்துவிட்டு ஒதுங்குவான். இவன் நின்றான். வெறுமனே நின்றான், பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு. மூன்று பேரும் ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் தாங்களும் நின்றார்கள். அந்த ஒரு நொடியில் அவர்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு வழி ஒன்று திறந்தது. பந்து அதன் வழியாகப் போய் எங்கள் முன்னாட்டக்காரன் காலில் நின்றது. அவன் குருடனாக இருந்தாலும் கோல் போட்டிருப்பான். நான் பிரான்சில் ரெஜிமெண்ட் ஆட்டங்கள் பார்த்தவன், சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களைப் பார்த்தவன். அப்படி நிற்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவி பெர்னதெத்திடம் அந்த நிற்றலைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். உப்பு ஜாடியையும் மிளகு டப்பாவையும் மேசையில் வைத்து அந்த வழி திறந்த விதத்தைக் காட்டினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

ஆனால் மரத்தடியில் அவன் என் முன்னால் நின்றபோது அதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. பாராட்டினால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது என் கொள்கை. பட்டாளத்தில் என் சார்ஜண்ட் என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை, நான் உயிரோடு திரும்பி வந்தேன். அதனால் நோட்டைப் பிரித்தேன். பந்தை அளவுக்கு மீறி வைத்துக்கொள்கிறாய் என்று படித்தேன். செப்டம்பரில் இரண்டு நாள் தாமதம். ஒரு முறை ரெஃப்ரியை முறைத்தது. "கழுதை, தலைய நிமிர்த்தி நில்லு" என்றேன். கழுதை என்பது நான் எல்லோரையும் கூப்பிடுகிற பெயர். அவனை மற்றவர்களைவிட அதிகமாகவே கூப்பிட்டிருப்பேன், அவனிடம்தான் அதிகம் பேசினேன் என்பதால். நிமிர்ந்தான். அட்டையில் அஸே பியேன் என்று எழுதினேன். எழுதுமுன் பென்சிலை இன்னொரு தடவை சீவினேன் என்பது உண்மை. ஒரு வார்த்தை மேலே போகலாமா என்று நினைத்தேன். இன்னும் ஒரு வருஷம் போகட்டும், தலை கனத்துவிடும் என்று விட்டுவிட்டேன். பதினோரு வருஷத்தில் நான்காவது அஸே பியேன். அவனுக்கு அதன் மதிப்பு தெரியாது. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

விழாவும் நடந்தது. பந்தல், மைக், மில் சங்கு ஊதியபோது நின்று மறுபடி ஆரம்பித்த பேச்சு. டம்ளர் வாங்கிய பையன்கள் அதைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் இருந்தது, என் பெயரில் எழுத்துப் பிழையோடு. அதை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். காத்தவராயன் இரண்டு பையன்களின் அட்டைகளையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அத்தோடு அந்தப் பருவம் எனக்கு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து, சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், வீராயி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் சவர நுரை காயாத முகத்தோடு வெளியே வந்தேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அரைக் கிலோ ஜாங்கிரிப் பொட்டலம் எல்லாம் வைத்த தட்டு ஒன்றை நீட்டினாள். இராமதாஸுக்கு மில்லில் உத்தரவு வந்துவிட்டதாம். திங்கட்கிழமையிலிருந்து போகிறானாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மில்லில் வேலை பார்க்கிறவர்கள் எதை வைத்து ஆள் எடுக்கிறார்கள், உயரத்தை வைத்தா என்று மனசுக்குள் திட்டினேன்.

"எல்லாம் நீங்க போட்ட பாஸ்தாங்க முசே," என்றாள் வீராயி. "அட்டையில பாஸ்னு இருக்குதுன்னு ஆபீசரே படிச்சுக் காட்டுனாராம்."

பாஸ். பஸாபிள் என்று நான் எழுதிய வார்த்தையின் முதல் நான்கு எழுத்து. பி, ஏ, எஸ், எஸ். இங்கிலீஷ் படித்த கண்ணுக்கு அது வேறு எப்படித் தெரியும். எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினால் தேர்ச்சி பெற்றான் என்று படிக்கிற அதிகாரி, அப்படிப்பட்டவனுக்கு மேசையும் மின்விசிறியும் சம்பளமும். சிரித்துக்கொண்டே, அப்படியானால் அம்மாவாசைக்கு என்ன என்று கேட்டேன்.

வீராயி தட்டைப் பார்த்தாள். பெர்னதெத் உள்ளேயிருந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள்.  நடந்ததை வீராயியிடமிருந்து துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. இரண்டு பையன்களையும் அதிகாரி ஒன்றாகத்தான் நிற்கவைத்திருக்கிறார். காத்தவராயனும் அங்கே உட்கார்ந்திருந்தார். அதிகாரி இராமதாஸின் அட்டையைப் படித்து நல்லது என்று தலையாட்டிவிட்டு, அம்மாவாசையின் அட்டையை எடுத்திருக்கிறார். முதல் மூன்று எழுத்தை வாய்விட்டுப் படித்திருக்கிறார். ஏ, எஸ், எஸ். பிறகு அதைத் தமிழில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அறையில் இருந்த கிளார்க்குகளும் சிரித்திருக்கிறார்கள். காத்தவராயனும் சிரித்திருக்கிறார், அதிகாரி சிரிக்கும்போது சும்மா இருந்து பழகாதவர்.

"கழுதைன்னு எழுதியிருக்காரே உங்க கோச்சு, நெசமான்னு கேட்டாராம் ஆபீசரு. இந்தப் புள்ள, ஆமாங்க சார், முசே என்ன அப்டித்தான் கூப்புடுவாருன்னு சொல்லிட்டு, அட்டைய வாங்கிக்கினு வந்துட்டானாம். எம் புள்ள அத்த சொல்லி ராத்திரி சோறு துண்ணல முசே."

வீராயி போன பிறகு நான் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். மீதிச் சவரத்தை முடிக்க வேண்டும். நுரை காய்ந்து முகத்தை இழுத்தது. அந்த அதிகாரியைத் திட்டினேன், காத்தவராயனைத் திட்டினேன், பிரெஞ்சுக்காரன் போய் முப்பது வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நான்கு வார்த்தையைத் தொலைத்துவிட்ட இந்த ஊரைத் திட்டினேன். பையனையும் திட்டினேன். சொன்னால் நம்பிவிடுவதா, ஓடிவந்து என்னிடம் கேட்கக் கூடாதா. அப்போது பெர்னதெத் கதவருகே வந்து நின்றாள். எங்கள் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவள் என்னைத் திட்டியதில்லை, அன்றும் திட்டவில்லை.

"உப்பு ஜாடிய வெச்சு எங்கிட்ட காட்டுனீங்களே," என்றாள். "அவங்கிட்ட சொன்னீங்களா?"

காய்ந்த நுரையைத் துண்டால் துடைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

மில்லின் அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். டெரிலின் சட்டை, பையில் மூன்று பேனா. அவனை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாங்க சார் உட்காருங்க என்று எழுந்து நின்றான். மேசையில் கால்பந்து அணியின் ஆட்ட அட்டவணையை அழகாகக் கோடு போட்டு வைத்திருந்தான். நான் நான்கு வார்த்தைகளையும் அவனுக்கு விளக்கினேன். பஸாபிள் எல்லாவற்றுக்கும் கடைசி, அஸே பியேன் அதற்கு மேலே, என் கணக்கில் அதற்கு மேலே ஒருவருமே இல்லை என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவனின் முகம் மாறியது. கையிலிருந்த பேனாவை மூடி வைத்தான்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க சார். அது என்னோட தப்புன்னே வெச்சுக்கலாம். ஆனா நல்ல பையன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, அந்தப் பையனுக்கே புரியற மாதிரி எழுதியிருக்கலாமுங்களே."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். இடம் ஒன்றுதான், உத்தரவு டைப் அடித்துக் கையெழுத்தாகிவிட்டது. ஒரே வழி இருக்கிறது என்றான். முதலில் எடுத்த பையனுக்குத் தகுதி இல்லை, தவறாகப் படிக்கப்பட்டுவிட்டது என்று நான் எழுத்தில் கொடுத்தால், அதை மேலே அனுப்பி உத்தரவை மாற்ற முயல்வான். வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினான். நீங்கள் தமிழில் சொன்னாலும் போதும், நான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றான்.

தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுத வேண்டியது பொய் ஒன்றும் இல்லை. இராமதாஸைப் பற்றி நோட்டில் இருபத்திரண்டு வரி எழுதியவன் நான், இருபத்து மூன்றாவது எழுதுவதற்கு என்ன. அப்படித்தான் நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மில் முற்றத்தில் பஞ்சு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே வேலைக்குச் சேருமுன்பே வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான் அந்த இராமதாஸ். தோய்த்து மடித்த சட்டை. யாரோ ஒரு மூட்டையைப் பிடிக்கச் சொன்னார்கள், ஓடிப்போய்ப் பிடித்தான். நான் கையெழுத்துப் போட்டால் இந்த அறைக்கு அவனைக் கூப்பிடுவார்கள். ஒருவன் சத்தமாகப் படிப்பான். கிளார்க்குகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இவனும் ஆமாம் சார், முசே அப்படித்தான் என்பான். கருணையால் எழுதாமல் விட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆமாம் சாரை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான். தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு எழுந்தேன். அடுத்த தடவை இடம் வந்தால் சொல்லி அனுப்புகிறேன், அந்தப் பையன் ஆடிக்கொண்டிருக்கட்டும் என்றான் அதிகாரி.

ஆடிக்கொண்டிருக்கவில்லை. அம்மாவாசை வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கமலவேணி குழாயடியில் குடத்தோடு நின்றாள். தட்டாஞ்சாவடியில் தகர டப்பா மூடி செய்கிற பட்டறையில் அவனைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு, ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள். பந்து விளையாட்டு எப்போது என்று கேட்டேன். அது இனி எதுக்குங்க, அவனே வேணாம்னுட்டான் என்றாள். பூட்ஸைப் பக்கத்துத் தெருப் பையனுக்குக் கொடுத்துவிட்டானாம். அவள் என்மேல் கோபமாக இல்லை. மரியாதையாக, குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

தட்டாஞ்சாவடி வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். ஐம்பத்து மூன்று வயசில் உச்சி வெயிலில் மிதிக்கிற தூரம் இல்லை அது. வழியெல்லாம் அஸே பியேனுக்குத் தமிழ் தேடினேன். அவனுக்குப் புரியும்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். பரவாயில்லை என்பதுதான் கிட்டத்தில் வந்தது. பரவாயில்லை. முட்டியில் அடிபட்டாலும் இதைத்தான் சொல்கிறோம், குழம்பில் உப்பு குறைந்தாலும் இதைத்தான் சொல்கிறோம். அந்த மாதிரி ஒருவன் மூன்று பேரை நிறுத்திவைத்து ஆடிய ஆட்டத்துக்கு என்னிடம் இருந்த வார்த்தை, பதினோரு வருஷமாக நான் இறுக்கி முடிந்து வைத்திருந்த வார்த்தை, இதுதானா என்று சைக்கிளில் உட்கார்ந்தபடியே எனக்கு அருவருப்பாக இருந்தது. இதற்கா பையன்களை வரிசையில் நிற்கவைத்தேன்.

பட்டறை தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே தகரத்தை மூடியாக வெட்டுகிற ஆறு அச்சு இயந்திரங்கள். முதலாளியிடம் இரண்டு நிமிஷம் அந்தப் பையனோடு பேச வேண்டும் என்றேன். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் மெஷினை நிறுத்த முடியாது, லாரி நிற்கிறது என்றார். அம்மாவாசை மூன்றாவது இயந்திரத்தில் இருந்தான். உடம்பு முழுக்க எண்ணெயும் தகரத்தூளும். தகட்டை நுழைக்கிறான், கையை எடுக்கிறான், காலால் மிதிக்கிறான், அச்சு தடாலென்று இறங்குகிறது, மூடி கூடையில் விழுகிறது. அடுத்த தகடு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். இயந்திரம் விடவில்லை. உட்கார்ந்தபடியே வணக்கம் முசே என்று உதட்டை அசைத்தான்.

கிட்டே போய் நின்று சொன்னேன். கழுதை என்று எழுதவில்லை, அந்த ஆளுக்குப் படிக்கத் தெரியவில்லை, அது நல்ல வார்த்தை என்றேன். "என்னா முசே?" என்றான், தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அச்சு இறங்கியது. மறுபடி சொன்னேன். மறுபடி இறங்கியது. அடுத்த இயந்திரத்துக்காரன் யாருடா இந்தக் கிழவன் என்கிற மாதிரி பார்த்தான். அந்த இடத்தில் பிரெஞ்சுக்கும் வேலை இல்லை, பரவாயில்லைக்கும் வேலை இல்லை. நான் குனிந்து, அவன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து திட்டுவதற்கு நான் வைத்திருந்த குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினேன்.

"நீ நல்லா ஆடுன. அன்னிக்கு நின்ன பாரு, அந்த மாதிரி நான் பாத்ததில்ல. நல்லா ஆடுன நீ."

ஆறு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டதோ கேட்கவில்லையோ, அம்மாவாசை தலையை ஆட்டினான். நான் திட்டும்போதெல்லாம் இப்படித்தான் ஆட்டுவான், இரண்டு முறை, கண்ணைத் தாழ்த்தி, சரிங்க முசே என்று. கையை எடுத்தான். அச்சு இறங்கியது. மூடி ஒன்று கூடையில் விழுந்து சுற்றி நின்றது. நான் இன்னும் கொஞ்சம் குனிந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்தேன்.